நாலுவிலக்குக் கோடு

நாலுவிலக்கில் அப்போது இருந்தவை நூற்றுப் பதினேழு கார்கள். பங்குனி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவற்றில் நூற்றுப் பதினாறு கார்களின் இடது முன்சக்கரத்துக்கு மேலே, ஒரே இடத்தில், ஒரே நீளத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. ஒரு சாணும் நாலு விரற்கடையும் நீளம், முடிகிற இடத்தில் தூண்டில் முள்ளைப் போல ஒரு சிறு மடக்கு, அந்த மடக்குக்குள் நகத்தால் சுரண்டி எடுக்கிற அளவுக்குக் கொஞ்சம் பச்சை. டாக்டரம்மாவின் வெள்ளைக் காரிலும் அது இருந்தது, பூட்டிய ஷெட்டுக்குள் உறை மாட்டி மூன்று மாதமாக வெளியே எடுக்காத அரிசி மில்காரர் காரிலும் இருந்தது, எஞ்சினைக் கழற்றிவிட்டு நாலு கல்லின் மேல் ஏற்றி வைத்திருந்த பழைய அம்பாசிடரிலும் இருந்தது. ஊரே தெருவில் நின்று ஒருவர் காரை ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, தென்காசி ரோட்டில் கார் பாலீஷ் கடை வைத்திருந்த அருள்தாசன் மட்டும் எந்தக் காரையும் பார்க்க வெளியே வரவில்லை. அந்தக் கீறல் எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியும். நாற்பத்திரண்டு நாளுக்கு முன்னால் அதை ஒரு காரிலிருந்து தேய்த்து எடுத்தவன் அவன்தான்.

அருள்தாசனுக்கு வயது நாற்பத்திரண்டு. சுற்றுப்பட்டில் பாலீஷ் மிஷின் வைத்திருந்தவர்கள் வேறு நாலுபேர் உண்டு என்றாலும், எந்தக் கீறலுக்கு மிஷினில் எந்தத் தேய்ப்பு மெத்தை, எந்தப் பேடு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான். கம்பளிப் பேடு ஆழமாக வெட்டும், ஆனால் பின்னால் மேகம் படிந்தாற்போல ஒரு மங்கலை விட்டுப்போகும் என்பான். கெட்டியான ஃபோம் பேடு அந்த மேகத்தைக் கலைக்கும், கறுப்பான பூப்போன்ற ஃபோம் பேடு கடைசியாக வந்து கண்ணாடியாக்கும் என்பான். பேடை விடப் பேடு ஒட்டுகிற பிளேட்டுதான் முக்கியம் என்றும், பிளேட்டு பேடுக்குள் அரை அங்குலமாவது உள்ளடங்கி இருக்க வேண்டும், வெளியே நீட்டினால் அதன் விளிம்பே காரைக் கடித்துவிடும் என்றும், கதவு மாதிரியான சமதளத்துக்கு விறைப்பான அஞ்சு அங்குலப் பிளேட்டு, சக்கரத்துக்கு மேலே வளைகிற இடத்துக்கு ஓரம் வளைந்துகொடுக்கிற மூணு அங்குலப் பிளேட்டு என்றும் அவன் சொல்லிக்கொண்டே தேய்க்கிறபோது கார்க்காரர்கள் டீ ஆறுவதை மறந்து கேட்பார்கள். கீறலை யாராலும் எடுக்க முடியாது, சுற்றியிருக்கிற பெயிண்டைத்தான் அதன் மட்டத்துக்கு இறக்குகிறோம் என்றும் சொல்வான். அதைச் சொல்கிறபோது அவனுக்குப் பெருமையாக இருக்கும்.

அந்தத் தொழிலை அவனுக்கு அமைத்துக் கொடுத்தவர் சொர்ணலிங்கம் அண்ணாச்சி. பஜாரில் பெயிண்டு ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். கையால் துணி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்த அருள்தாசனைப் பார்த்து, மதுரையிலிருந்து ஆர்பிட்டல் பாலீஷ் மிஷினை வரவழைத்து, மூன்று பிளேட்டும் பன்னிரண்டு பேடும் சேர்த்துக் கையில் கொடுத்து, ரோட்டோரத்தில் இடமும் பேசி முடித்தவர் அவர். அவன் கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் கொடுக்கிற இடத்தில் நின்றவரும் அவர்தான். அவர் வண்டி கடைக்கு வந்தால் மற்ற வண்டிகள் வரிசையில் நிற்கும்.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு, கடையை அப்போதுதான் திறந்திருந்தபோது, அண்ணாச்சி தன் கருநீலக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பாலத்துச் சுவரில் உரசிவிட்டதென்றும் ஒன்பது மணிக்கு ஒரு முகூர்த்தத்துக்குப் போகவேண்டியிருப்பதால் அதற்குள் எடுத்துத் தரவேண்டும் என்றும் சொன்னார். அருள்தாசன் குனிந்து பார்த்தான். நம் பக்கத்துப் பாலங்களுக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் அடித்திருப்பார்கள். கீறலுக்குள்ளே இருந்தது பச்சை. சக்கரத்துக்கு மேலிருந்த இடுக்கில் ஒரு கோரைப்புல், பாய் பின்னுகிற கோரைப்புல், சாயம் ஏற்றியது, விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை உருவிக் குப்பைத்தொட்டியில் போட்டான். எதுவும் கேட்கவில்லை. மூணு அங்குலப் பிளேட்டை மிஷினில் முடுக்கி, முதலில் கம்பளிப் பேடு, பிறகு கெட்டி ஃபோம், பிறகு கறுப்பு ஃபோம் என்று மூன்றையும் வரிசையாகப் போட்டுத் தேய்த்து, எட்டு மணிக்குக் காரைக் கொடுத்தான். அவன் வாழ்நாளில் செய்த வேலைகளில் அது சொட்டை சொல்ல முடியாத ஒரு வேலை. வெயிலில் நிறுத்திப் பார்த்தும் அவனுக்கே அந்த இடம் தெரியவில்லை.

பத்து மணிக்கு ஊருக்குள் செய்தி வந்தது. சைக்கிளில் பாய் விற்கிற மீரானை, ஊர்க்காரர்கள் வேடிக்கையாகப் பாய்பாய் என்று கூப்பிடுகிற மீரானை, கடையநல்லூர் ரோட்டில் ஏதோ வண்டி தட்டிவிட்டுப் போயிருந்தது. ரோட்டோரத்து ஓடைக்குள் கிடந்தவரை ஏழரை மணிக்குக் காய்கறி ஏற்றி வந்த இசக்கிப்பாண்டி என்கிற லோடு வேன் டிரைவர் பார்த்து, தக்காளிப் பெட்டிகளை ரோட்டில் இறக்கி வைத்துவிட்டு, அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். ரத்தம் நிறையப் போய்விட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம். மீரான் மூன்றாம் நாள் இறந்துபோனார். வேனில் ரத்தம் இருந்தது, வேனின் இடது பக்கத்தில் பழைய நெளிசலும் இருந்தது. போலீஸ் இசக்கிப்பாண்டியைப் பிடித்துக்கொண்டு போனது. தட்டியவனே பயத்தில் தூக்கிக்கொண்டும் வந்திருக்கிறான் என்று ஊர் பேசியது. அருள்தாசன் அதை டீக்கடையில் நின்று கேட்டான், டீயைக் குடித்து முடித்தான், டம்ளரை வைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பி வந்தான்.

மீரானுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிய மறுநாள் காலையில்தான் ஊரின் கார்களில் எல்லாம் கீறல் விழுந்தது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அருள்தாசனின் கடை முன்னால் முப்பது கார்கள் நின்றன. அவன் தேய்த்தான். கம்பளியைப் போட்டுத் தேய்த்தான், மைக்ரோஃபைபரைப் போட்டுத் தேய்த்தான், கெட்டி ஃபோமும் மெது ஃபோமும் நடுவில் துளை உள்ளதும் துளை இல்லாததும் போட்டுத் தேய்த்தான், மூணு அங்குலம் போதவில்லையோ என்று அஞ்சு அங்குலப் பிளேட்டில் தேய்த்தான், அதுவும் போதவில்லையோ என்று மதுரைக்குச் சொல்லி ஆறு அங்குலப் பிளேட்டு வரவழைத்துத் தேய்த்தான். சாயங்காலம் கண்ணாடிபோல இருந்த கார் மறுநாள் காலையில் அதே ஒரு சாண் நாலு விரற்கடையோடு வந்து நின்றது. மிஷின் சூடேறிப் பேடுகள் பிளேட்டிலிருந்து உரிந்து பறந்தன. ஒன்பதாம் நாள் அவன் மிஷினை அணைத்துவிட்டு, இது நம்மால் ஆகாது என்று வந்தவர்களிடம் சொன்னான். அவனாலேயே ஆகாதென்றால் யாராலும் ஆகாது என்று அவர்களும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு ஊர் அதோடு வாழக் கற்றுக்கொண்டது. முதல் வாரம் பிள்ளைகளைச் சந்தேகப்பட்டார்கள், இரண்டாம் வாரம் மேற்கே சுற்றுகிற காற்றாலைகளைச் சந்தேகப்பட்டார்கள், மூன்றாம் வாரம் இன்சூரன்ஸ்காரர் ஒருவர் வந்து நாள் முழுக்க அளந்து அளந்து எழுதினார். மறுநாள் காலையில் அவர் வந்த காரிலும் கீறல் விழுந்திருக்கக் கண்டு காகிதங்களை மடித்துக்கொண்டு போய்விட்டார். புதுக் கார் வாங்கி வந்தால் மூன்றாம் நாள் விடியலில் அதற்கும் வந்துவிடும் என்று தெரிந்தபோது, அதுவரை காரை மூடி வைத்து, வந்த பிறகுதான் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் கொண்டுபோனார்கள். கோடு விழுந்தாச்சா என்று விசாரிப்பது, பிள்ளைக்குப் பேர் வைத்தாச்சா என்று விசாரிப்பது மாதிரி ஆயிற்று. திருநெல்வேலியில் திருடுபோன டாக்டரம்மாவின் கார் நாகர்கோவிலில் நின்றபோது, நம்பர் பிளேட்டு மாற்றி நிறமும் மாற்றியிருந்தும் கோட்டை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அன்றையிலிருந்து அதற்கு ஒரு மரியாதையும் வந்தது. ஆயுத பூஜைக்குப் பெண்கள் அதன் மடக்கில் சந்தனம் வைத்தார்கள். கார் வாங்க வசதியில்லாதவர்கள் ஆட்டோவிலும் பைக்கிலும் ஒட்டிக்கொள்ள அதே அளவில் ஸ்டிக்கர் அடித்து விற்றார் பஜாரில் ஒருவர். வெளியூரில் படிக்கப்போன பிள்ளைகள் எங்கேயாவது அந்தக் கோடுள்ள கார் போனால் கையைக் காட்டி நிறுத்தி, நீங்க நாலுவிலக்கா என்று கேட்டு ஏறிக்கொண்டார்கள்.

பஜாரில் நிற்கிற நூற்றுப் பதினேழாவது காருக்கு மட்டும் கோடு வரவில்லை. சொர்ணலிங்கம் அண்ணாச்சியின் கருநீலக் கார் ஒரு தூசுகூட ஒட்டாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. யாரும் அவரைச் சந்தேகப்படவில்லை, பாவம் என்றார்கள். நல்ல மனுசனுக்கு ஏன் இப்படி விட்டுப்போயிற்று என்று இரங்கினார்கள்.

அருள்தாசனுக்குச் சோறு இறங்கவில்லை. ரோட்டில் ஒவ்வொரு கார் கடக்கும்போதும் அவன் கண் இடது முன்சக்கரத்துக்கு மேலேதான் போயிற்று. ஒரு சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாம் என்று சர்ச்சில் வரிசையில் போய் நின்றான். சாமியார் வெளியே வந்து அவனைக் கண்டதும் தோளில் கை போட்டு, என் வண்டிக் கோட்டுல அந்தப் பச்சை மங்கிக்கிட்டே வருது, அது மங்காம இருக்க ஏதும் மெழுகு உண்டா என்று கேட்டார். உண்டு என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

மீரானின் மனைவி சபூராவை அவன் அடிக்கடி பார்க்க நேர்ந்தது. பஜாருக்கு வருகிறபோதெல்லாம் அவள் நிறுத்தியிருக்கிற கார்களின் பக்கமாகவே நடந்து, கோட்டின்மேல் ஒரு விரலை வைத்து, ஒரு நொடி நின்று, அடுத்த காருக்குப் போவாள். ஒருநாள் அவன் கடை வாசலில் நின்ற காரிலும் அப்படிச் செய்தாள். அருள்தாசன் உள்ளேயிருந்து வந்து ஏன் என்று கேட்டான். கேட்கிற தைரியம் எப்படி வந்ததென்று அவனுக்குத் தெரியவில்லை.

"அவுக சைக்கிளுக்கு இந்தப் பச்சையை நாந்தாண்ணே அடிச்சுக் குடுத்தேன். வீட்டு சன்னலுக்கு அடிச்சது மிச்சம் இருந்துச்சு," என்றாள் சபூரா. "ஊருல எல்லாரும் அவுகளை நெனச்சு வச்சுருக்காகன்னு நெனச்சுக்குவேன்."

அவன் தலையை ஆட்டினான். அவள் போன பிறகு கடைக்குள் போய், பேடுகளை எல்லாம் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கசக்கினான். சுத்தமாக இருந்த பேடுகளையும் கசக்கினான். அவன் மனைவி ஜெயசீலி மத்தியானச் சோறு கொண்டுவந்தபோதும் கசக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த மாசியில் அண்ணாச்சி கடைக்கு வந்தார். இசக்கிப்பாண்டி அதற்குள் ஜாமீனில் வெளியே வந்து, லைசென்ஸ் போய், ஒரு செங்கல் சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தான். வழக்கு இன்னும் இருபது நாளில் தீர்ப்புக்கு நின்றது. அண்ணாச்சி மகளுக்கு ஒரு நல்ல இடம் பேசி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து காரைப் பார்த்துவிட்டு, ஊருக்கெல்லாம் இருக்கிறது இவருக்கு இல்லையே, ஊரோடு ஒட்டாத குடும்பமோ, ஏதும் குறை இருக்குமோ என்று யாரிடமோ கேட்டார்களாம். அவர் ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிவிட்டு, வெயில் தரையில் ஒரு பட்டையாக விழுந்துகிடந்த இடத்தில் நின்று பேசினார்.

"ஒரு கோடு போட்டுக் குடுடே. அதே எடத்துல, அதே நீளத்துல. மத்தவன் போட்டா கண்டுபிடிச்சிருவாவ. ஒனக்குத்தான் அளவு தெரியும்."

அளவு தெரியும் என்று அவர் சொன்னதும், ஒரு வருஷமாக இருவரும் தெரியாததுபோல வைத்திருந்தது தரையில் இறக்கி வைத்தாற்போல ஆயிற்று. அருள்தாசன் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும் என்று பிற்பாடு நினைத்தான். அப்போது அவன் செய்தது, மிஷினை எடுத்து, பேடு எதுவும் ஒட்டாமல், விறைப்பான அஞ்சு அங்குலப் பிளேட்டை மட்டும் முடுக்கியதுதான். வெறும் பிளேட்டின் விளிம்பு பட்டால் எந்தக் காரும் தாங்காது. அவன் விளிம்பைச் சக்கரத்துக்கு மேலே வைத்து அழுத்தினான். மிஷின் கத்தியது, பிளேட்டு சுற்றியது, பேடு ஒட்டுகிற வெல்க்ரோ தீய்ந்து நாறியது. எடுத்துப் பார்த்தால் கருநீலம் அப்படியே இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் இழுத்தான். தண்ணீரில் இழுத்தமாதிரி அது வழுக்கிக்கொண்டு போயிற்று. அண்ணாச்சி அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கித் தானே இழுத்தார், சாவியால் இழுத்தார், மோதிரத்தால் இழுத்தார். வீட்டில் வைத்தும் இழுத்துப் பார்த்தேன், ஆணியெல்லாம் மழுங்கிப்போயிற்று என்றார். பிறகு பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கையைக் காட்டினாம்டே," என்றார். "கண்ணாடியில பாத்தேன். படுத்தபடிக்கே கையைத் தூக்கினான். போ, ஒண்ணுமில்லன்னு சொல்லுதாம்னு எடுத்துக்கிட்டேன்."

"எத்தனை மணிக்கு அண்ணாச்சி?"

"அஞ்சே முக்கால் இருக்கும். அங்கேருந்து நேரா ஒங்கிட்டதான வந்தேன்."

அருள்தாசன் மிஷினைக் கீழே வைத்தான். ஆறு மணிக்குக் கார் வந்தது. எட்டு மணிக்குக் கொடுத்தான். மீரானை இசக்கிப்பாண்டி தூக்கியது ஏழரைக்கு. கோரைப்புல்லை உருவிப் போட்ட கையோடு எங்கே அண்ணாச்சி உரசியது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பைக்கை எடுத்துக்கொண்டு போகப் பத்து நிமிஷம். அவன் கம்பளிப் பேடு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மீரான் உயிரோடிருந்தார். கெட்டி ஃபோமுக்கு மாற்றியபோதும் இருந்தார். பிளேட்டின் திருகை இறுக்கியபோது ஓடைக்குள் கிடந்து கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மறைக்க உதவினோம் என்று மட்டும்தான் ஒரு வருஷமாக அவன் தன்னிடம் சொல்லி வந்தான். அதைவிட ஆழமாக ஒன்று இருந்தது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவன் அண்ணாச்சியைத் தன்னோடு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னான். அவர் வரவில்லை, நான் ஒனக்கு என்னல்லாம் செஞ்சிருக்கேன் என்று மட்டும் கேட்டார். எல்லாம் ஞாபகமிருக்கு என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் ஜெயசீலியிடம் நடந்ததை முதலிலிருந்து சொன்னான். அவள் அழுதாள், பிறகு அவனுக்கு வெளுத்த சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

போலீஸில் முதலில் நம்பவில்லை. அண்ணாச்சி மேல் உள்ள பொறாமையில் எவனோ இவனை ஏவிவிட்டிருக்கிறான் என்று ஊரில் பேச்சு. அருள்தாசன் ஸ்டேஷன் தாளில் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கோட்டை வரைந்து காட்டினான். வெளியே நின்ற ஜீப்பில் விழுந்திருந்த கோட்டின்மேல் வைத்துப் பார்த்தார்கள், மயிரிழை பிசகவில்லை. அப்படியும் எழுதிக்கொள்ளத் தயங்கினார்கள். மறுநாள் காலையில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனபோது, கருநீலக் காரில் இடது முன்சக்கரத்துக்கு மேலே கோடு விழுந்திருந்தது. மற்றக் கார்களில் அது ஒரு கீறலாக இருந்தது. இதில் தகடு நெளிந்து, ஹெட்லைட் உடைந்து, இடுக்குகளில் ரத்தம் காயாமல் இருந்தது. அண்ணாச்சி அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றார்.

கோர்ட்டில் இசக்கிப்பாண்டியை விடுவித்தார்கள். அண்ணாச்சிக்குத் தண்டனை ஆயிற்று. தடயத்தை அழித்ததற்காக அருள்தாசனுக்கு ஆறு மாதம். ஜெயிலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். சபூரா கோர்ட்டுக்கு வந்து கடைசி பெஞ்சில் இருந்தாள். அவன் மணிக்கணக்கைச் சொன்னபோது முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் கார்களைத் தொடுவதில்லை. புதிதாக வாங்கிய கார்களுக்கும் கோடு வருவது நின்றுவிட்டது. பழையதில் இருந்தது இருந்தபடிக்கே இருந்தது. சிலர் வேறூரில் கொண்டுபோய் எடுத்துவிட்டார்கள், பெரும்பாலோர் எடுக்கவில்லை, ஆனால் சந்தனம் வைப்பதில்லை.

கோர்ட் வராந்தாவில் இசக்கிப்பாண்டியிடம் சொல்ல அருள்தாசன் சில வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தான். இசக்கிப்பாண்டி அவற்றைக் கேட்க நிற்கவில்லை. கை இரண்டும் செங்கல் தின்று தோலுரிந்து இருந்தன. அவன் இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினான்.

"எங்க அம்மை என் கையால சோறு வாங்கித் திங்க மாட்டேங்கா ஒரு வருசமா. ஜட்ஜு சொன்னாருன்னு நான் போய்ச் சொன்னா நம்ப மாட்டா. நீரு வந்து சொல்லும்."

அன்று மதியமே அருள்தாசன் போனான். சூளைக்குப் பின்னாலிருந்த தெருவில் கடைசி வீடு. இசக்கிப்பாண்டியின் அம்மா முத்தம்மாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மகன் கொஞ்சம் தள்ளி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அருள்தாசன் அவளுக்கு முன்னால் குத்தவைத்து, ஒங்க மகன் அந்த மனுசனைத் தட்டலை அம்மா, காப்பாத்தத்தான் பார்த்தான், தட்டின காரை எனக்குத் தெரியும், அதைத் தேய்ச்சு மறைச்சது நான் என்று சொன்னான். அவள் கீரையை உருவிக்கொண்டே அவன் வாயைப் பார்த்தாள்.

"காது கேக்காதுய்யா எனக்கு," என்றாள். "சத்தமாச் சொல்லு."

அவன் குரலை உயர்த்திச் சொன்னான். அவள் ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, இன்னும் என்று சைகை காட்டினாள். அடுத்த வீட்டுக் கதவு திறந்தது, எதிர் வீட்டில் அம்மி அரைக்கிற சத்தம் நின்றது, சூளையிலிருந்து மத்தியானச் சோற்றுக்கு வந்தவர்கள் தூக்குவாளியோடு அங்கங்கே நின்றார்கள். அருள்தாசன் எழுந்து நின்றான். அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, அந்தத் தெரு முழுவதும் கேட்க, தான் செய்ததை முதலிலிருந்து கத்திச் சொல்லத் தொடங்கினான்.